கைச்சக்கரமா, விளக்கா?

விக்டோரியாவின் தம்பி பாக்கியராஜ் சஸ்பெண்ட் ஆகி அன்றோடு ஆறு நாள்.

போன வாரம் பத்திரிகை கைக்குக் கிடைக்காதவர்களுக்காக இரண்டே வரியில் சொல்லிவிடுகிறேன். புதுவாயல் தாண்டிக் கல்கத்தா ரோட்டோரம் இருக்கும் வால்வு கம்பெனியில் வால்வைத் திறந்து மூடும் தண்டுகள், அதாவது ஸ்பிண்டில்கள், பன்னிரண்டு வீணாயின. ஒவ்வொன்றும் இரண்டு தௌ சன்னம். அங்குலத்தை ஆயிரம் கூறு போட்டால் அதில் ஒரு கூறுக்குப் பட்டறையில் தௌ என்று பேர். இரண்டு தௌ ஒரு தலைமயிரின் கனம்கூடப் பெறாது. ஆனால் வால்வு ஒழுக அது போதும்.

முதல் ஷிப்டில் கடைசல் லேத்தில் இரும்பை வெட்டும் டூலைப் பொருத்தி அளவு வைத்துக் கொடுத்தவர் செட்டர் சின்னதுரை, விக்டோரியாவின் கணவர். இரண்டாம் ஷிப்டில் அதை ஓட்டியவன் பாக்கியராஜ். சின்னதுரை வைத்த அளவு பதினோரு வருஷத்தில் ஒரு நாளும் பிசகியதில்லை. ஆகவே பழி ஓட்டியவன் தலையில் விழுந்தது. சனிக்கிழமை காலை விசாரணை.

இரண்டு வரி என்று ஆரம்பித்தேன், நம் கதையில் எதுதான் இரண்டு வரியில் அடங்கியிருக்கிறது. போகட்டும். இப்போது சொல்லப் போவது வெள்ளிக்கிழமை நடந்தது.

காலையில் டீ கொதித்து இறங்கியதும் விக்டோரியா மூன்று டம்ளரில் ஊற்றி வைத்தாள். பாக்கியராஜ் தன் டம்ளரைத் தொட்டான். உடனே கையை எடுத்து விரலைக் காதுமடலில் ஒற்றிக்கொண்டான். சின்னதுரை தன் டம்ளரை அடியோடு சேர்த்துப் பிடித்து எடுத்து, கையிலேயே வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"மாமாவுக்கு மட்டும் கைய இரும்புல செஞ்சி அனுப்பிக்கிறாரு கர்த்தரு" என்றான் பாக்கியராஜ்.

சின்னதுரை சிரித்தார். சிரித்து முடித்த பிறகுதான் டம்ளரைக் கீழே வைத்தார், சுட்டுவிட்டதுபோல.

விக்டோரியா சிரிக்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவளுக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. அன்று சர்ச்சில் பாட்டுப் புத்தகத்தை அவர் விரித்துப் பிடித்தபோது ஆள்காட்டி விரல் நுனியில் ஒரு கொப்புளம் உடைந்து ஈரமாக இருந்தது. எப்போது சுட்டது என்று கேட்டாள். அவர் குனிந்து பார்த்து, "அட, ஆமா" என்றார். வேறொருவர் விரலைப் பார்த்துச் சொல்வது மாதிரிச் சொன்னார். அதிலிருந்து அவளுக்குள் என்னவோ உறைந்து போய்விட்டது. சமைக்கிறாள், டைப் அடிக்கிறாள், ஜெபம் சொல்கிறாள். எதுவும் உள்ளே இறங்குவதில்லை.

"நாளைக்கு இன்னாடா சொல்லப் போற?" என்று தம்பியைக் கேட்டாள்.

"எழுதிக் குடுக்கச் சொல்றாங்கக்கா. என் கை பட்டு டூலு நவுந்துடிச்சின்னு. குடுத்துட்டா வார்னிங்கோட உட்டுடுவாங்களாம்."

"பர்மனென்ட்டு?"

"அத்த மறந்துட வேண்டியதுதான். டெம்பரவரியாவே ஓட்டிக்கினு கெடக்கணும். எப்ப வேணா தொரத்தலாம்."

"உன் கை பட்டுச்சா?"

பாக்கியராஜ் டீயை ஊதினான். "பட்ட மாதிரி தெர்லக்கா. ஆனா மாமா வெச்சது தப்பாதில்ல. அப்ப நான்தான இன்னாவோ பண்ணிக்கிறேன்."

அவன் மாமாவைப் பார்த்தபடி சொன்னான். அந்தப் பார்வையில் குற்றம் சாட்டுகிற சாயல் கொஞ்சம்கூட இல்லை. மரியாதைதான் இருந்தது. அதுதான் பார்க்கச் சகிக்கவில்லை.

சின்னதுரை பங்குனி வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டு, மணிக்கட்டுப் பொத்தானோடு மல்லாடிக்கொண்டிருந்தார். இரண்டு தடவை நழுவியது. விக்டோரியா எழுந்து போய்ப் போட்டுவிட்டாள்.

"நாழி ஆயிடிச்சி" என்றார் அவர்.

சைக்கிளில் அவர் மிதிக்க, அவள் பின்னால் கேரியரில். புதுவாயல் கூட்டுரோட்டில் லாரிகளுக்கு வழி விட்டு நிற்கும்போதெல்லாம் எதிர்ச் சுவர்தான் அவளுக்குத் தினசரி. ஒரு சோப்பு விளம்பரம், சினிமாக் கொட்டகைக்கு ஓர் அம்புக்குறி, அதற்குக் கீழே சுகாதாரத்துக்காரர்கள் எழுதி வைத்த நாலு வரி.

உணர்ச்சியற்ற தேமலா? அலட்சியம் வேண்டாம். தொழுநோய் குணமாகக்கூடியது. சிகிச்சை இலவசம்.

ஆறு வருஷமாகப் படிக்கிறாள். கணவரின் முழங்கைக்குக் கீழே உள்ளங்கை அகலத்தில் எட்டு மாதமாக ஒரு வெளிறல் இருக்கிறது. தேங்காயெண்ணெயில் கற்பூரம் குழைத்து அதற்குத் தடவிவிட்டவளும் அவள்தான். தடவும்போது இந்தச் சுவர் ஒரு நாளும் ஞாபகத்துக்கு வரவில்லை. சுவரில் எழுதியிருப்பது ஊருக்கு, நம் வீட்டுக்கு இல்லை என்றுதானே எல்லோரும் நினைக்கிறோம்.

இன்று ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். பயம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை.

"எறங்காத, வழி கெடச்சிடிச்சி" என்று சின்னதுரை மிதிக்க ஆரம்பித்தார்.

கம்பெனியில் அன்று பெரிய வேலை. காகித நாடாவில் அளவுகளைத் துளைகளாகப் போட்டுக் கொடுத்தால் தானே பார்த்துக் கடைந்துகொள்ளும் லேத் ஒன்றை வாங்கப் போகிறார்கள். லேத் பெங்களூரிலிருந்து வரும். அதை நடத்துகிற கம்ப்யூட்டர் பெட்டி, மோட்டார், நாடாவைப் படிக்கிற கருவி எல்லாம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். எது எது வேண்டும் என்று கம்பெனியே பொறுக்கி எழுதி, அன்றைக்கே மெட்ராஸ் ஹெட் ஆபீசுக்கு அனுப்பியாக வேண்டும். எழுதுவது ஒர்க்ஸ் எஞ்சினியர் ராமபத்ரன், டைப் அடிப்பது விக்டோரியா. லேத் வந்தபிறகு நாடாவில் துளை போடப் போகிறவளும் அவள்தான். அதற்காகவே பதினைந்து நாள் மெட்ராசில் பயிற்சிக்குப் போய் வந்தாள்.

ராமபத்ரன் திருவள்ளூர்க்காரர். அப்பா வீரராகவப் பெருமாள் கோயிலில் கைங்கரியம் பார்க்கிறார். அன்று அமாவாசை, வேண்டுதலுக்காகக் குளத்தில் வெல்லம் கரைக்க ஜனம் நெரியும். அப்பாவுக்குத் துணை நிற்க நாலு மணித் தபால் வேனில் தொற்றிக்கொண்டு சென்ட்ரல் போய், அங்கே ரயில் பிடிப்பதாகத் திட்டம். காலை பத்து மணியிலிருந்தே மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"விக்டோரியா, நான் சொல்லச் சொல்ல அடிச்சுண்டே வாம்மா. சின்னதுரை, நீங்க உக்காருங்கோ. ஓட்டப் போறது நீங்க, உங்களைக் கேக்காம நான் எதையும் எழுதப் போறதில்லே."

சின்னதுரை உட்காரவில்லை. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மோட்டார்ல ரெண்டு தினுசு. ஒண்ணு, நூறு அடி எடுத்து வைன்னு பெட்டி சொன்னா நூறு அடி எடுத்து வைக்கும். ரிப்பேர் சுலபம். இன்னொண்ணு, எங்க வந்து சேந்திருக்கேன்னு பெட்டிக்குத் திருப்பிச் சொல்லிண்டே இருக்கும். சிக்கல் ஜாஸ்தி."

"மொதல்ல சொன்னீங்களே, அது நடுவுல கெட்டியான எடம் வந்து மாட்டிக்கிச்சின்னா இன்னா ஆவும் சார்?"

"எண்பதுலயே நின்னுடும். பெட்டி நூறுன்னே நெனச்சுண்டிருக்கும்."

"தப்பா பூட்டோம்னு அதுக்கே தெரியாதா?"

"தெரியாது. அது பாட்டுக்கு மேல வெட்டிண்டே போகும்."

சின்னதுரை மேஜை விளிம்பிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். ஜன்னலுக்கு வெளியே லோடு இறக்குகிற சத்தம் கேட்டது.

"அது வேணாம் சார். திருப்பிச் சொல்றதே இருக்கட்டும்" என்றார்.

விக்டோரியா அடித்தாள். அவர் குரலில் இருந்த மாற்றம் அவளுக்குக் கேட்டது, எஞ்சினியருக்குக் கேட்கவில்லை.

"அடுத்தது நாடா படிக்கிற கருவி. கம்பி முனையால தொட்டுப் படிக்கிறது ஒண்ணு. வெளிச்சம் விட்டுப் படிக்கிறது ஒண்ணு. வெளிச்சம்தான் வேகம். அதையே போட்டுடலாமா?"

"போடலாம் சார். ஆனா பேப்பரு எது?"

"பேப்பர் எதுவா இருந்தா என்ன?"

"நம்ம பசங்க எண்ணெக் கையோட தொடுவானுங்க. பஜ்ஜி சுத்தின பேப்பரப் பாத்துக்கிறீங்களா, அப்பால கண்ணாடி மாதிரி ஆயிடும். ஓட்ட இல்லாத எடத்துலயும் வெளிச்சம் பூந்துடும். அது ஓட்டன்னு நெனச்சிக்கினு இன்னாத்தையாவது வெட்டி வெக்கும். கறுப்புப் பேப்பரு, கெட்டியானதா கேளுங்க."

ராமபத்ரன் பேனாவைக் கீழே வைத்துவிட்டு விக்டோரியாவைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டியாம்மா? நாலு மாசமா கேட்லாகைப் புரட்டிண்டிருக்கேன். எனக்குப் பஜ்ஜி ஞாபகம் வரலே பார்."

அவளும் முகத்தில் ஒரு சிரிப்பை வைத்துக்கொண்டாள். இந்த மனுஷனைத்தான் அவள் கட்டிக்கொண்டது. இத்தனை மூளை உள்ள மனுஷன்.

"இப்ப கடைசி. இறக்குமதி லைசென்ஸ்ல இன்னும் ஒரே ஒரு சாமானுக்குத்தான் இடம் இருக்கு. கைச்சக்கரமா, விளக்கா? சக்கரம்னா, பெட்டி மேல சின்னதா ஒண்ணு. கையால சுத்தினா டூல் இழை இழையா நகரும். நீங்க சிகரெட் தாள் வெச்சுப் பாப்பேளே, அதுக்கு ஏத்தது. விளக்குன்னா, டூல் இரும்பைத் தொட்டதும் கரண்ட் பாஞ்சு சிவப்பா எரியும். விரலே வேண்டாம்."

சிகரெட் தாள் விஷயம் பட்டறைக்கு வெளியே இருப்பவர்களுக்குத் தெரிந்திருக்காது. சிகரெட் பெட்டிக்குள் வெள்ளிக் காகிதத்தின் முதுகில் ஒட்டி வருமே, மெல்லிய தாள், அதில் ஒரு துண்டைக் கிழித்து டூலுக்கும் இரும்புக்கும் நடுவில் விட்டு, ஒரு விரலால் முன்னும் பின்னும் அசைத்துக்கொண்டே டூலைக் கிட்டக் கொண்டுவர வேண்டும். தாள் லேசாகப் பிடித்து இழுக்கிற அந்த நொடியில் நிறுத்த வேண்டும். டூலுக்கும் இரும்புக்கும் இடையில் அந்தத் தாளின் கனம்தான் பாக்கி. அங்கிருந்து அளவு வைக்கலாம். விரலுக்கு அந்த இழுப்பு தெரியாவிட்டால் டூல் தாளை நசுக்கிக்கொண்டு ஒரு தௌ, இரண்டு தௌ உள்ளே போய்விடும். கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் அந்த இழுப்பு சின்னதுரைக்குத் தெரிகிற மாதிரி யாருக்கும் தெரியாது என்று பேர். அவருக்குப் புகைக்கிற பழக்கம் கிடையாது. ஆனாலும் சட்டைப் பையில் ஒரு காலிச் சிகரெட் பெட்டி எப்போதும் இருக்கும்.

"கைச்சக்கரம்னு பென்சில்ல எழுதியே வெச்சுட்டேன். ஒரு வார்த்தை கேக்கணுமேன்னுதான்" என்றார் ராமபத்ரன்.

"வெளக்கு போடுங்க சார்."

டைப்ரைட்டர் நின்றது.

"உங்க விரலுக்கு எதுக்கய்யா விளக்கு?"

"எனக்கில்ல சார். பின்னால வர்ற பசங்களுக்கு. எல்லாருக்கும் வெரலு ஒரே மாதிரியா இருக்கும்?"

ராமபத்ரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இந்த மனசு யாருக்கு வரும். தனக்கு வேண்டியதை விட்டுட்டு அடுத்தவனுக்குக் கேக்கறதுன்னா" என்று சொல்லிக்கொண்டே பென்சில் எழுத்தை அழித்தார். "ஒரே ஒரு உபகாரம் பண்ணுங்கோ. திங்கக்கிழமை பெங்களூர்க்காரா வர்றா. அவா முன்னாடி பழைய லேத்துல ஒரு தரம் தாள் வெச்சுக் காட்டிடுங்கோ. விளக்கு எத்தனை நுணுக்கமா இருக்கணும்னு உங்க விரலைப் பாத்துத்தான் அவா முடிவு பண்ணணும்."

"சரிங்க சார்" என்றார் சின்னதுரை.

"விக்டோரியா, காரணம்ங்கற கட்டத்துல 'புதிய ஆட்களின் வசதிக்காக'ன்னு போட்டுடும்மா."

அவள் தலையை ஆட்டினாள். கணவர் அவளைப் பார்க்காமல் வெளியே போனார். கதவுப் பிடியை அவர் மணிக்கட்டால் தள்ளித் திறந்ததை அவள் பார்த்தாள்.

மத்தியான மணி அடித்ததும் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு சைக்கிள் ஷெட்டுக்குப் போனாள். அவர் முன்னாலேயே வந்து தரையில் உட்கார்ந்திருந்தார். தகரக் கூரை அனலாகக் கொதித்தது. பக்கத்தில் யாரும் இல்லை.

"அந்தச் சிகரெட்டுப் பொட்டியக் குடு."

"எதுக்கு?"

"குடுய்யா."

தாளில் ஒரு துண்டு கிழித்தாள். "கையப் பின்னால நீட்டு. திரும்பிப் பாக்காத. தாளு வெரலுக்கு நடுவுல வந்ததும் சொல்லு."

அவர் எதிர்ப்பே சொல்லவில்லை. வலது கையை முதுகுக்குப் பின்னால் நீட்டி, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து வைத்தார். விக்டோரியா தாளை நடுவில் செருகினாள். மெதுவாக இழுத்தாள். மறுபடி செருகி இழுத்தாள். மூன்றாவது தடவை வெடுக்கென்று இழுத்தாள். தாள் கிழிந்து பாதி அவர் விரலிடுக்கிலேயே நின்றது.

சின்னதுரை எதிரே இருந்த சைக்கிள்களைப் பார்த்தபடி காத்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் வெக்கலியா?" என்று கேட்டார்.

கொஞ்சம் பொறுத்து அவர் கையை முன்னால் கொண்டுவந்தார். விரலிடுக்கில் இருந்த தாளைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"எப்பத்திலிருந்து?" என்றாள்.

"கிறிஸ்மஸுக்கு மின்னால கொஞ்சம் மரத்தாப்புல இருந்திச்சி. லேத்து அதிர்றதுல இருக்கும்னு உட்டுட்டேன். இப்ப ரெண்டு மாசமா ஒண்ணியும் தெர்ல."

"அந்தப் பன்னெண்டு ஸ்பிண்டிலு?"

"நான்தான். தாளு புடிச்சிச்சா இல்லியான்னே தெர்ல. குத்துமதிப்பா வெச்சிட்டு வந்துட்டேன்."

சொல்லிவிட்டார். ஆறு நாளாக வீட்டில் நாலு சுவருக்குள் முட்டிக்கொண்டிருந்த வார்த்தை அவ்வளவு சுலபமாக வந்துவிட்டது. கோபம் வர வேண்டிய இடம் இது. தன் தம்பி தலையில் பழியைப் போட்டுவிட்டு இந்த ஆள் தினமும் டீ குடித்தாரே என்று கத்த வேண்டும். விக்டோரியா டிபன் பாக்ஸைத் திறந்து அவர் பக்கம் நகர்த்தினாள்.

"முள்ளு கீது. பாத்துச் சாப்டு."

அவர் சாப்பிடவில்லை.

"கூட்ரோட்டுச் சொவத்துல எழுதிக்குதே, பாத்துக்கிறியா?" என்று கேட்டாள்.

"நானும்தான் தெனம் படிக்கிறேன்."

ஒரே சைக்கிளில் ஒரே சுவரை இரண்டு பேரும் படித்துக்கொண்டு, ஒருவருக்கொருவர் சொல்லாமல் போய் வந்திருக்கிறார்கள்.

"மாத்திர தராங்கன்னு போட்டுக்குது. சொகமாயிடுமாம்."

"சொகமாவறதுக்குள்ள வேல பூடும். பெரிய வியாதின்னு ஒரு வார்த்த வெளிய வந்தா காலனில கொழாய்ல தண்ணி புடிக்க உடுவாங்களா? உன்ன டைப்பு மெஷினத் தொட உடுவாங்களா? நான் தொட்ட டூல எவன் தொடுவான்?"

எல்லாம் உண்மை. அவள் ஞாயிற்றுக்கிழமையே யோசித்து முடித்த உண்மை.

"பாக்கியராஜு?" என்று மட்டும் கேட்டாள்.

"திங்கக்கெழம வரிக்கும் உட்டுடு விக்டோரியா. யோசன பண்றேன்."

"விசாரண நாளைக்குய்யா."

அவர் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். விரலிடுக்கில் இருந்த தாள் கீழே விழுந்தது. மணி அடித்துவிட்டது.

இரண்டு மணிக்கு விக்டோரியா எஞ்சினியர் மேஜைக்கு முன்னால் போய் நின்றாள். ராமபத்ரன் நியாயஸ்தர். விஷயத்தை அவர் காதில் மட்டும் போட்டுவிட்டால் பாக்கியராஜும் பிழைப்பான், வீட்டுக்காரரையும் கௌரவமாக வேறு வேலைக்கு மாற்றி வைப்பார் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை.

"சார்."

"என்னம்மா?"

வாய் திறந்தது. வந்தது வேறு வார்த்தை.

"ரிப்பன் தீந்துடிச்சி சார்."

"ஸ்டோர்ல வாங்கிக்கோ. மூணரைக்குள்ள லிஸ்ட் வேணும்."

வாயால் சொல்ல முடியாததை விரலால் சொல்லலாம் என்று அவளுக்கு எப்போது தோன்றியது என்று அவளுக்கே தெரியாது. நடுவில் கார்பன் வைத்து மூன்று தாளை உருளையில் ஏற்றினாள். மோட்டார் அடித்தாள். வெளிச்சத்தில் படிக்கிற கருவி அடித்தாள். கறுப்பு நாடா, கெட்டியானது. தொட்டால் எரியும் விளக்கு, ஒன்று. பிறகு காரணம் என்ற கட்டம் வந்தது. அங்கே இங்கிலீஷில் இரண்டு வாக்கியம் அடித்தாள். செட்டர் சின்னதுரையின் வலது கை விரல்களில் உணர்ச்சி இல்லை. பன்னிரண்டு ஸ்பிண்டில்கள் பழுதானதற்கு அதுவே காரணம், பாக்கியராஜ் அல்ல.

விரல் தடுமாறவில்லை. நெஞ்சு அடித்துக்கொள்ளவும் இல்லை. ஸ்பிண்டில் என்பதில் எழுத்துச் சரியா என்று ஒரு தரம் பார்த்துக்கொண்டாள்.

இதைப் படித்ததும் அவர் நிமிர்ந்து பார்ப்பார். கதவைச் சாத்தச் சொல்வார். என்னம்மா இது என்பார். அப்போது சொல்லிவிடலாம், தாளையும் கிழித்துவிட்டு வேறு அடித்துக்கொடுக்கலாம். அவள் போட்ட கணக்கு அவ்வளவுதான்.

மூன்றே முக்காலுக்குத் தாள்களைக் கொண்டுபோய் வைத்தாள். ராமபத்ரன் பையை மூடிக்கொண்டிருந்தார். நின்றபடியே பேனாவைத் திறந்தார்.

"சார், ஒரு தரம் படிச்சிடுங்க."

"நீ அடிச்சதை நான் என்னத்தைப் படிக்கறது. மூணு வருஷத்துல ஒரு எழுத்துப் பிழை காட்டு பாப்போம்."

ஒரு கையெழுத்து. இரண்டு. மூன்று. ஆபீஸ் காப்பியை ஃபைலுக்குள் தள்ளினார். மற்ற இரண்டையும் மடித்துக் கவரில் போட்டு, கோந்து தடவி அழுத்தி, வாசலில் நின்ற டிரைவர் ஆதிகேசவனிடம் நீட்டினார். "ஹெட் ஆபீஸ். இன்னிக்கே குடுத்துடு, நாளைக்குக் காலைல டைரக்டர் மேஜைல இருக்கணும்."

ஒரு வார்த்தை போதும். சார், ஒரு தப்பு அடித்துவிட்டேன் என்றால் போதும், கவர் திரும்பி வந்துவிடும். விக்டோரியா மேஜை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உடம்பு தன் பேச்சைக் கேட்கவில்லை. ஆதிகேசவன் கவரைத் தோல்பைக்குள் போட்டுக்கொண்டு போனான். ராமபத்ரன் போகிறபோக்கில், "ஆத்துக்காரரைத் திங்கக்கிழமை நல்ல சட்டையாப் போட்டுண்டு வரச் சொல்லு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஷிப்ட் முடிந்து சின்னதுரை சைக்கிளோடு கேட்டில் நின்றிருந்தார். அவள் ஏறி உட்கார்ந்தாள். கொஞ்ச தூரம் போனதும் அவராகவே ஆரம்பித்தார். காலையிலிருந்து இல்லாத ஒரு தெம்பு குரலில் இருந்தது.

"நான் யோசன பண்ணிட்டேன் விக்டோரியா. நாளைக்கு விசாரணைல நானே போய்ச் சொல்லிடறேன், செட்டிங்கு எங்கைல தப்பிடிச்சின்னு. அந்தப் பையன் இன்னா பாவம் பண்ணான். பதினோரு வருசத்துல மொத தப்பு, என்னைய இன்னா பண்ணிடுவாங்க."

அவள் கேட்டுக்கொண்டு வந்தாள்.

"ஏன் தப்பாச்சின்னு கேட்டா கண்ணு மங்கலா இருந்திச்சின்னு சொல்லிக்கிறேன். கை விசயம் மட்டும் நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டும். அடுத்த வாரம் லீவு போட்டுட்டு மெட்ராஸ் போயி அந்த மாத்திரைய வாங்கிக்கினு வர்றேன். ஒரு ஈ காக்காக்குத் தெரியாம சொகமாயிட்டு வந்துடலாம். இன்னா சொல்ற?"

நல்ல யோசனைதான். ஒரு மணிக்குச் சைக்கிள் ஷெட்டில் சொல்லியிருந்தால் இதைவிட நல்ல யோசனை வேறு கிடையாது.

"இன்னா, பேச மாட்டேன்ற?"

பின்னால் ஹாரன் கேட்டது. சின்னதுரை சைக்கிளை ஓரம் கட்டினார். சாமான் ஏற்றித் தாமதமாகக் கிளம்பிய கம்பெனித் தபால் வேன் அவர்களைத் தாண்டியது. டிரைவர் பக்கத்து சீட்டிலிருந்து ராமபத்ரன் தலையை வெளியே நீட்டிச் சின்னதுரையைப் பார்த்துக் கையை ஆட்டினார். சின்னதுரை ஹாண்டில்பாரிலிருந்து வலது கையை எடுத்து, பதிலுக்கு ஒரு சலாம் வைத்தார்.

"பாத்தியா, நம்ம லிஸ்ட்டு இன்னிக்கே போவுது. வெளக்கு வந்துட்டா எனக்குக் கவலயே இல்ல" என்றார்.

"ஆமா" என்றாள் விக்டோரியா.

வேன் கூட்டுரோட்டைத் தாண்டி மெட்ராஸ் பக்கம் போய்க்கொண்டிருந்தது.